ஆவிஸ் அண்ணாச்சியின் முதல் சாவு

தன் சாவுக்குத் தானே போஸ்டர் அடித்து, தானே பசை காய்ச்சி, விடிவதற்குள் சுவர் சுவராக ஒட்டி முடித்து, வீட்டுக்கு வந்து இடியாப்பம் சாப்பிட்ட மனிதர் தூத்துக்குடி வரலாற்றிலேயே ஒருவர்தான். வரலாறு தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்; பல வருடம் கல்லூரியில் அதைத்தான் பாடம் நடத்தினேன். அந்தச் சாவுக்குக் காரணம் நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் ஒளித்து வைத்து என்ன செய்ய?

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. அது அவர் மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. ஊருக்கு அவர் ஆவிஸ் அண்ணாச்சி. துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்தவர். கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, கீழே சரக்கறைக்குள் நடப்பது எதுவும் தெரியாத கிரேன்காரருக்குக் கையைக் காட்டுகிற வேலை. ஆள்காட்டி விரலை உயர்த்திச் சுழற்றினால் 'ஆவிஸ்', அதாவது தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அமுக்கினால் 'ஆரியா', இறக்கு. கையை விரித்துக் காட்டினால் பொறு. ஆவிஸ், ஆரியா எல்லாம் எந்த மொழி என்று துறைமுகத்தில் யாரும் ஆராய்வதில்லை. பறங்கிக்காரன் விட்டுப்போன சொல் என்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் கை ஓயவில்லை. டீ மாஸ்டர் தேநீரை ஆற்றும்போது எதிரே நின்று "ஆவிஸ்... ஆவிஸ்... ஆரியா" என்று விரலைச் சுழற்றுவார். மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்கள், சாமியார் ஜெபத்தை முடித்த பிறகும் இவர் விரலுக்காகக் காத்திருப்பார்கள். சொந்தப் பேத்தியின் ஞானஸ்நானத்தில், குழந்தையைத் தொட்டியின் மேல் தூக்கிப் பிடித்த ஞானத்தாயிடம் "ஆரியா, மெள்ள, எடப்பக்கம் சாயுது" என்று கோயில் முழுக்கக் கேட்கக் கத்தியவர் அவர்.

நான் நாசரேத்துக்காரன். மிஷன் பள்ளியில் படித்து, தூத்துக்குடியில் கல்லூரி ஆசிரியனாகி, இங்கேயே வீடு கட்டிக்கொண்டவன். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் எழுத ஆரம்பித்தேன். ஒரு புத்தகத்துக்கு ஒரு தலைவர். பதினாறு பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், கீழே இரண்டு வரி. சிவகாசியில் ஒரு சின்னப் பதிப்பகத்தார் போட்டார்கள். அரசர், கவிஞர், விஞ்ஞானி, போராளி என்று எழுதித் தள்ளினேன். எழுதுவது சுலபம், ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே வாழ்க்கையைத்தான் கொடுத்தேன். இரண்டாம் பக்கம் தொட்டில். நாலாம் பக்கம் தெருவிளக்கில் படிப்பு. ஆறாம் பக்கம் ஆற்றை நீந்திப் பள்ளிக்கூடம் போவது. பத்தாம் பக்கம் சிறை. பதினாறாம் பக்கம் மரணம், சிலை, மாலை. தெருவில் விளக்கே இல்லாத காலத்து அரசர் ஒருவருக்கும் தெருவிளக்கு கொடுத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. ஓவியர் எனக்கும் மேல். ஒரே தொட்டில் படத்தை எல்லாப் புத்தகத்துக்கும் வைத்துக்கொண்டு, ஆள் அடையாளம் தெரியட்டும் என்று குழந்தைக்கு மீசை மட்டும் மாற்றி வரைவார். கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் என் புத்தகத்தில் பிறக்கும்போதே முறுக்கு மீசையோடு பிறந்தார்.

இந்தப் புத்தகங்களால் எனக்கு ஊரில் ஒரு மதிப்பு வந்தது. கடற்கரைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வருடாவருடம் மாறுவேடப் போட்டி நடக்கும். தலைப்பு 'சரித்திர நாயகர்கள்'. என் புத்தகங்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வேடம் போடுவார்கள் என்பதால் நான்தான் நடுவர், நான்தான் சிறப்பு விருந்தினர். அந்த வருடம் வந்த பாளையக்காரர்களுக்கும் ராணிகளுக்கும் கணக்கே இல்லை. குலசை தசராவுக்கு வேடச் சாமான் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து கிரீடமும் வாளும் மொத்தமாக வந்து இறங்கியிருந்தன. முண்டாசுக் கவிஞராக வந்த ஒரு பையனுக்கு மீசை வியர்வையில் நழுவித் தாடியாகிவிட, அவன் அம்மா மேடை ஓரத்திலிருந்து "ஏலே, அப்படியே வள்ளுவரா மாறிருலே!" என்று கத்தினார்.

அப்போதுதான் மூன்றாம் வகுப்பு பிலோமினா வந்தாள். பிலோ என்பார்கள். தலையில் மூக்கு வரை இறங்கிய மஞ்சள் ஹெல்மெட். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஆரஞ்சு கோட்டு. கழுத்தில் ஒரு விசில்.

"நீ யாரும்மா?" என்று மைக்கில் கேட்டேன்.

"ஆவிஸ்."

"அது எந்த நாட்டு ராஜா?"

"ராஜா இல்ல. எங்க தாத்தா. கப்பல்ல நிப்பாவ. கையக் காட்டுனா கிரேனே கேக்கும்." சொல்லிவிட்டு விரலை உயர்த்திச் சுழற்றிக் காட்டினாள்.

அரங்கம் சிரித்தது. கூட்டம் சிரித்தால் எனக்கு ஒரு கெட்ட உற்சாகம் வரும். வகுப்பறையில் பழகியது. "சரித்திரத்துல இல்லாதவங்களுக்கு மார்க் கிடையாதும்மா. அடுத்த வருஷம் புஸ்தகத்துல இருக்கிற யாராவதா வா, என்ன?" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. தூக்கிய விரலை இறக்காமலே அந்தப் பிள்ளை மேடையை விட்டு இறங்கிப் போனது. அட்டையில் செய்த தூக்குமரத்தைத் தானே சுமந்துகொண்டு வந்த பாளையக்காரனுக்கு நான் முதல் பரிசு கொடுத்தேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஆவிஸ் அண்ணாச்சி.

"நேத்து மூணாவது வரிசையில நாந்தான் உக்காந்திருந்தேன் சார்."

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவை அரைவாசி பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, அது வந்து..."

"நீங்க சொன்னது சரிதான். ரூல்ஸுன்னா ரூல்ஸு. கப்பல்லயும் அப்படித்தான். இப்பம் சொல்லுங்க, புஸ்தகத்துல ஏறணும்னா என்ன செய்யணும்?"

"யாரு ஏறணும்?"

"நாந்தான். புள்ள அடுத்த வருஷமும் நானாத்தான் வருவேங்கா. வேற ஆளா வர மாட்டாளாம். அப்பம் அதுக்குள்ள நான் புஸ்தகத்துல இருக்கணும்லா? மார்க் வேணும்லா?"

அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. நான் விளையாடினேன். "சும்மா ஏற முடியாது அண்ணாச்சி. தெருவிளக்குல படிச்சிருக்கணும். ஆத்தை நீந்திக் கடந்திருக்கணும். ஜெயிலுக்குப் போயிருக்கணும்" என்று என் பக்கக் கணக்கை அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டார்.

"இதெல்லாம் சின்ன வயசுலயே செய்யணுமா, இப்பம் செஞ்சாலும் ஆகுமா?"

"இப்பவும் செய்யலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே போய் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். விளக்குக் கம்பத்தின் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மூன்றாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை விரித்து, ஆவிஸ் அண்ணாச்சி சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். புது எல்.இ.டி. விளக்கு கண்ணைக் கூசும் என்பதால் கறுப்புக் கண்ணாடி வேறு. சுற்றிலும் கூட்டம். வீட்டில் துரத்திவிட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, கண் தெரியாதவர் என்று இன்னொருவர் அவரைக் கைபிடித்துச் சாலையைக் கடக்க வைக்கப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நாலாம் பக்கம் சார். தொந்தரவு பண்ணாதீங்க. தாவரத்தின் பாகங்கள் நாளைக்கு முடிச்சிரணும்."

அடுத்தது ஆறாம் பக்கம். தூத்துக்குடியில் நீந்த ஆறு கிடையாது. கடல் கணக்கில் வராதா என்று என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். ஆறு என்றால் ஆறுதான் என்று நானும் பதில் அனுப்பினேன். தோளில் பேத்தியின் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஏரலுக்குப் பஸ் ஏறிவிட்டார். கோடைத் தாமிரபரணியில் தண்ணீர் முழங்காலளவு. மனிதர் குப்புறப் படுத்து, கைகளால் மணலைத் தள்ளித் தள்ளி நகர்ந்திருக்கிறார். வயலில் நின்றவர்கள் கரைக்கு ஓடி வந்தார்கள்.

"ஏலே, யாருலே அது! தண்ணி முட்டளவுதான் கெடக்கு, எந்திரிச்சு நடலே!"

"நடந்தா நீந்துனதா ஆகாது வே! நீரு உம்ம வேலையப் பாரும்!"

இதை அவரே என்னிடம் வந்து சொன்னார், உரிந்துபோன முழங்காலைச் சாட்சியாகக் காட்டி. விளையாட்டு எங்கேயோ எல்லை தாண்டுகிறது என்று புரிந்தது. இருந்தாலும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் காவல் நிலையத்துக்குப் போய்த் தன்னை உள்ளே போடச் சொல்லியிருக்கிறார்.

"என்ன தப்பு செஞ்சீரு?" என்று கேட்டிருக்கிறார் சப் இன்ஸ்பெக்டர்.

"போராட்டம்."

"எதை எதுத்து?"

"அது நீங்க பாத்து எதாவது போட்டுக்கோங்க சார்."

அந்த நேரம் பார்த்து துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்று பெரிய அடைப்பு. வந்திருப்பது ஆவிஸ் என்று ஏட்டையா சொன்னதும், அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சந்தியில் இறக்கிவிட்டார்கள். விசிலை ஊதினார், விரலைச் சுழற்றினார், உள்ளங்கையை விரித்தார். லாரிகள் ஆட்டுக்குட்டிகளாக விலகிப் போயின. ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

"ஜெயிலுக்குன்னு போன மனுசன வேலை வாங்கிட்டு விட்டுட்டானுவ சார்" என்றார் என்னிடம். "பத்தாம் பக்கம் காலியாக் கெடக்கு."

இதற்குள் ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டது. மீன் வாங்கப் போனால் "சார், ஆவிஸ் புஸ்தகம் எப்பம் வருது?" முடி வெட்டப் போனால் "அண்ணாச்சிக்கு மீசை வரைவீங்களா சார்?" எனக்குக் கூச்சமாகிவிட்டது. படித்தவன் பெயர் கேலிக்குள் வந்தால் தாங்காது. அவர் அடுத்த முறை வந்தபோது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். உயிரோட இருக்கிறவங்களைப் பத்திப் புஸ்தகம் போடுறது இல்ல. செத்தவங்களைப் பத்தி மட்டுந்தான். பதிப்பகத்து ரூல்ஸ்."

அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிடம் என் வாயில் பிறந்தது அது.

அவர் கொஞ்ச நேரம் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். "கண்டிப்பா?"

"கண்டிப்பா."

"சரி. ரூல்ஸுன்னா ரூல்ஸு." படியிறங்கிப் போனார். தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தது எனக்கு. அதையும் மறைக்கவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் காலை, பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி. மஞ்சள் ஹெல்மெட்டோடு ஆவிஸ் அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே 'சரித்திர நாயகற்' என்று போட்டு, அன்றைய தேதியும் இருந்தது. அந்த அதிர்ச்சியிலும் அந்த 'ற்' என் கண்ணில் குத்தியது, வாத்தியார் புத்தி. அடுத்த நொடிதான் விஷயம் உறைத்தது. என் வாயால் ஒரு மனிதர் போய்விட்டார். பால் பாக்கெட் கையிலிருந்து விழுந்து வெடித்ததுகூடத் தெரியாமல், போட்டிருந்த கைலியோடு ஓடினேன். வழியில் கண்ட முதல் பூக்கடையில் இருப்பதிலேயே பெரிய மாலையை வாங்கினேன். குற்றவுணர்ச்சிக்குத் தகுந்த மாலை.

அவர் வீட்டு முன்னால் கூட்டம். கோயில் மணி துக்கத்துக்கு அடிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனது. ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்து மறைய மாலைகளோடு, ஆவிஸ் அண்ணாச்சி இடியாப்பத்தில் சொதியை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வாங்க சார். செத்தாச்சு. எழுதுங்க."

என் கையிலிருந்த மாலையைப் பார்த்துத் தலையைக் குனிந்து கொடுத்தார். என்ன செய்வது என்று தெரியாமல் போட்டுவிட்டேன்.

அவர் மனைவி லூர்தம்மாள் துடைப்பத்தோடு நின்றார். "பாருங்க சார் இந்த மனுசன! விடியாலத்துல குசினியில மாவு காய்ச்சுதாரு, எதுக்குன்னு கேட்டா கேக்கு செய்யப் போறேன்னாரு. நான் தாலியோட நிக்கேன், தெருவெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லுதாவ! கப்பல்ல இருந்து மவன் போன் போட்டு அழுதான். 'இந்தா, அப்பா பேசுதாரு'ன்னு குடுத்தா அவன் போனையே கீழ போட்டுட்டான்!"

அச்சகத்துக்காரர் ஓரமாக நின்று ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "யாருக்குன்னு கேட்டேன். எனக்குத்தான்னாரு. துக்கத்துல பேச்சு தடுமாறுதுன்னுல்லா நெனச்சேன்!"

பங்குச் சாமியார் பாதி சவரத்தோடு வந்து சேர்ந்தார். ஆளை மேலும் கீழும் பார்த்தார். "ஆண்டவரே மூணாம் நாள்தான் எழுந்திரிச்சாரு. உனக்கு என்னய்யா இவ்வளவு அவசரம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் உயிர் திரும்பிய சந்தோஷத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அப்போது என் கைலியை யாரோ இழுத்தார்கள். பிலோ. பள்ளிச் சீருடையில் இருந்தாள். போட்டிக்குப் பிறகு அவளை நான் பார்த்திருக்கவில்லை.

"சார், தாத்தா செத்துட்டாவல்லா. இப்பம் மார்க் உண்டா?"

அன்று காலை எனக்கு விழுந்த அடிகளிலேயே பெரிய அடி அதுதான். அவ்வளவு பேர் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் மட்டும் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள். "உண்டும்மா. நான் எழுதுறேன். அடுத்த போட்டிக்குள்ள புஸ்தகம் வந்துரும்" என்றேன். ஆவிஸ் அண்ணாச்சி சொதிக் கையை உயர்த்தி ஒரு விரலைச் சுழற்றினார்.

சொன்னேனே தவிர எழுதவில்லை. முதலில் மழைக்காலம் என்று தள்ளினேன். பிறகு கண் பரிசோதனை. உண்மை வேறு. அரசர்களும் விஞ்ஞானிகளும் இருக்கிற அலமாரியில் ஒரு சிக்னல்மேன் புத்தகத்தை என் பெயரோடு வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வாய் திறந்து ஒரு நாளும் கேட்கவில்லை. தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து விரலை உயர்த்திச் சுழற்றுவார்: ஆவிஸ்? நான் கையை விரித்துக் காட்டுவேன்: பொறு. அவர் தலையாட்டிவிட்டுப் போவார். விரித்த கையைக் கண்டால் பொறுக்கத்தான் வேண்டும் என்பது அவர் தொழில் ஒழுக்கம். மாதக்கணக்கில் இது நடந்தது. எனக்கு இது ஒரு நல்ல வேடிக்கையாகக்கூட ஆகிவிட்டது.

ஊரில் அவர் பெயர் 'ஆவி'யாகச் சுருங்கியிருந்தது. டீக்கடையில் "ஆவிக்கு ஒரு டீ, சீனி கம்மி" என்பார்கள். "ஆவிக்கு எதுக்குவே சீனி கம்மி? செத்தவனுக்குச் சுகர் வராதுலா" என்று இவரே பதில் சொல்லிவிட்டுச் சீனி அதிகமாகப் போடச் சொல்வார்.

மறுபடியும் போட்டி நெருங்கியது. பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பும் வந்துவிட்டது. ஒரு நாள் காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தால், எதிர்ச் சுவரில் அதே போஸ்டர். அதே ஹெல்மெட். அதே 'சரித்திர நாயகற்'. தேதி மட்டும் புதிது.

நான் சிரித்துவிட்டேன். இந்த முறை பால் பாக்கெட் விழவில்லை. மனிதர் நினைவூட்டுகிறார், இதைவிட நாகரிகமாக ஒருவர் எப்படி நினைவூட்ட முடியும்? இனியும் ஏமாற்றக் கூடாது என்று அப்போதே மேசையில் போய் உட்கார்ந்தேன்.

தெருவிளக்கு, ஆறு, சிறை என்ற என் பழைய பக்கங்களைத்தான் வைத்துக்கொண்டேன். ஆனால் வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவை உண்மையாக இருந்தன. 'அவர் தெருவிளக்கில் படித்தார். கண் கூசியதால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.' 'அவர் ஆற்றை நீந்தினார். ஆறு முழங்காலளவு இருந்தது.' 'அவர் சிறைக்குப் போகப் பார்த்தார். போலீஸ்காரர்கள் டீயும் வடையும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.' எழுத எழுத எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பதினாறாம் பக்கத்தில் மாலைகளுக்கு நடுவே இடியாப்பம் சாப்பிடவைத்து, 'செத்தாச்சு, எழுதுங்க' என்று முடித்தேன். மத்தியானத்துக்குள் முடிந்தது. தாள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். பூக்கடையில் "மாலை வேணுமா சார்?" என்று கேட்டதற்குக் கண்ணடித்துவிட்டு நடந்தேன்.

கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மணியையும் மறுபடி ஏமாற்றிவிட்டாரே என்று நினைத்தேன். டீக்கடை மூடியிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டு முன்னால் பந்தல். வராந்தாவில் லூர்தம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில் துடைப்பம் இல்லை. என் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தார். கோபப்படவில்லை. என்னைப் போல ஏற்கனவே பல பேர் சிரித்துக்கொண்டே வந்திருப்பார்கள் போலிருக்கிறது.

"இந்தத் தடவை போஸ்டர அவரு ஒட்டல சார்" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்றார்கள். அச்சகத்துக்காரரிடம் பழைய போஸ்டர் கம்ப்யூட்டரில் இருந்ததால் தேதியை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறார். நான் அந்தத் தாள்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றபோது அவை என் நெஞ்சில் முறுமுறுத்தன.

சாயங்காலம் கல்லறைத் தோட்டம். குருசுகளுக்கு நடுவே குழி. கயிற்றில் பெட்டியை இறக்கியவர்களில் பாதிப் பேர் துறைமுகத்து ஆட்கள். அழுதுகொண்டே இறக்கியதால் கயிறு ஒரு பக்கம் வேகமாகப் போய்விட்டது. பெட்டி சாய்ந்தது. கூட்டம் பதறியது. ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒரு சின்னக் குரல்.

"ஆரியா."

பிலோ குழி விளிம்பில் நின்றாள். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டியிருந்தாள். "ஆரியா... மெள்ள... எடப்பக்கம் சாயுது... ஆரியா..."

அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துக் கயிற்றை விட்டார்கள். பெட்டி நேராகி, மெள்ள மெள்ளக் கீழே போய், சத்தமில்லாமல் மண்ணில் உட்கார்ந்தது.

புத்தகத்தை அவசரமாகப் போடச் சொன்னேன். நான் பிடித்த பிடிவாதத்தில் பதிப்பகத்தார் மிரண்டுபோனார்கள். ஓவியரிடம் "இந்த ஒரு குழந்தைக்காவது மீசை வேண்டாம்" என்று கெஞ்சினேன்; அவர் மீசையை விட்டுவிட்டுத் தொட்டில் குழந்தைக்கு மஞ்சள் ஹெல்மெட் போட்டுவிட்டார். பதிப்பகத்தில் ஒரு தம்பி போன் செய்து, "சார், கடைசிப் பக்கத்துல இறந்த தேதி விட்டுப்போச்சு" என்றார்.

"அவர் ரெண்டு தடவை செத்தவரு தம்பி. எதைப் போட?"

"அப்போ...?"

"ஒண்ணும் போட வேண்டாம். நான் எழுதும்போது அவர் உயிரோடதான் இருந்தாரு."

தேதிக் கணக்கில் அது பொய், என் கணக்கில் பொய்யில்லை. நான் எழுதிய புத்தகங்களிலேயே உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதியது அது ஒன்றுதான்.

போட்டியன்று நான் நடுவர் நாற்காலியில் இருந்தேன். மைக்கைப் பிடிக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். ஒரு டீச்சர் பிடித்துக்கொண்டார். பாளையக்காரர்கள் போனார்கள். ராணிகள் போனார்கள். பிறகு மஞ்சள் ஹெல்மெட் வந்தது. இந்த வருடம் அது புருவத்தோடு நின்றது. கோட்டுப் பையில் புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது.

"நீ யாரும்மா?" என்று டீச்சர் கேட்டார்.

பிலோ புத்தகத்தை எடுக்கவில்லை. டீச்சரையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்து, விரலை உயர்த்தி, மெள்ளச் சுழற்றினாள்.

நடுவர் எழுந்து நிற்கக் கூடாது என்பார்கள். கிரேனே கேட்ட கை அது. நான் எம்மாத்திரம்? எழுந்து நின்றேன்.